பெயரில்லாத தூள்

லண்டன், 12-11-1964

அன்புள்ள ரங்கநாயகிக்கு,

நான் சௌக்கியம். பாலக்கரையில் அப்பாவின் இருமல் தணிந்ததா?

பயப்படாமல் படி. போன வாரம், எங்கள் ஆய்வுக்கூடத்தில் மனநோய் ஆராய்ச்சிக்காகப் புதிதாகச் செய்த, இன்னும் பெயர்கூட வைக்காத வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியிருந்தது தெரியாமல் ரொட்டி தின்றுவிட்டேன். கடுகில் பாதிகூட இராது. ஒரு மணி நேரத்தில் சுவர்கள் மூச்சு விட்டன. மணியோசை மஞ்சளாகத் தெரிந்தது. "கையக் கழுவிட்டு வாங்க" என்று நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. ஆனால் என்னைப் பார்க்க வந்த டாக்டர், என் மனைவியின் பெயர் என்னவென்று கேட்டபோது எனக்கு வரவில்லை, ரங்கம். சாயங்காலம்வரை வரவில்லை.

மறுநாள் எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் கைகுலுக்கி, "அருமையான வீரியம்! இன்னொரு முறை சாப்பிட்டுப் பார்ப்பாயா?" என்றார். முடியாதென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் போட்டோ ஒன்று அனுப்பு. பின்புறம் உன் கையால் பெயரை எழுது. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

அடைக்கலம்