டஜனுக்கு அறுபது பீஸ்

அக்கா,

இன்று காலை என் பழைய கால்குலேட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். டிகிரி பொத்தானின் ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. உங்கள் வெள்ளகோவில் காட்டு மண். பார்த்ததும் அன்றைய படபடப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

உங்கள் அப்பா கொடுத்த விவசாய நிலம் அது; உங்கள் பேச்சில் காடு. எல்லைக்கல் மண்ணுக்குள் புதைந்து போயிருந்தது. பக்கத்துக் காட்டுப் பங்காளி கம்பிவேலி போட உங்கள் பக்கமாகத் தள்ளிக் குழி எடுத்துக்கொண்டிருந்தார். "கல்லக் காட்டுங்க, நகத்திப் போட்டுக்கறனுங்க" என்று சிரித்தார். நீங்கள் கையாலேயே மண்ணைக் கிளறிப் பார்த்து ஓய்ந்திருந்தீர்கள்.

முன்பு நிலம் அளந்தவர் கல் இருக்கும் இடத்தை உங்கள் போனுக்கு அனுப்பியிருந்தார். வடக்கே 10 டிகிரி 57 நிமிடம் 36 வினாடி. கிழக்கே 77 டிகிரி 42 நிமிடம் 18 வினாடி. மேப்பில் அடித்தீர்கள். குறி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மடத்துக்குளம் பக்கம் போய் விழுந்தது.

"ஏனுங்க டீச்சர், என்ர காடு எப்பங்க அங்க போச்சு?" என்று என்னைக் கேட்டீர்கள்.

பங்காளியின் ஆட்கள் சிரித்தார்கள். நான் போனை வாங்கிப் பார்த்தேன். 10.5736 என்று அடித்திருந்தீர்கள். சட்டென்று உங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் பலகை கண்ணில் வந்தது. ஐந்து டஜனும் ஆறு பீஸும் என்றால் அதில் 5.6 என்றுதானே எழுதுவீர்கள்? உங்களுக்கு அது ஐந்தரை டஜன். கால்குலேட்டருக்கு ஐந்தரை என்றால் 5.5.

"இதும் அதே கணக்குத்தானுங்க அக்கா. இங்க டஜனுக்கு அறுபது பீஸு."

"நல்ல பெரிய டஜனுங்க" என்றீர்கள்.

முப்பத்தாறு வினாடியை அறுபதால் வகுத்தால் 0.6 நிமிடம். 57.6 நிமிடத்தை மறுபடி அறுபதால் வகுத்தால் 0.96 டிகிரி. கால்குலேட்டரில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் டிகிரி பொத்தானை அழுத்தி, சமக்குறி போட்டு, இன்னொரு முறை அதே பொத்தானை அழுத்தினேன். 10.96 வந்தது. கிழக்கை நீங்களே போடுவதாகச் சொல்லி மண் கையோடு பிடுங்கிக்கொண்டீர்கள். 77.705.

குறி இப்போது குழிகளைத் தாண்டி, பங்காளி தனது என்று சொன்ன பக்கம் விழுந்தது. போன் பத்துப் பதினைந்து அடி முன்னே பின்னே காட்டும் என்று சுற்றிலும் குத்தச் சொன்னேன். கடப்பாரை கல்லில் பட்ட அந்தச் சத்தம்! பங்காளி குழியை மூடச் சொல்லிவிட்டு, நமக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

இப்போதும் யாராவது டிகிரி, நிமிடம் பற்றிக் கேட்டால் உங்கள் பெரிய டஜனில்தான் ஆரம்பிக்கிறேன்.

மண்ணைத் துடைக்கவில்லை. 77 அடித்து அந்தப் பொத்தானை மெல்ல அழுத்தினேன். வேலை செய்கிறது, அக்கா.