ஐந்து பேருக்கு ஐந்து பொய்

மார்ச் 4

தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கிற என் நரம்பு நோய்க்கான மோட்டார் நியூரான் கிளினிக்குக்குப் போய் வந்தோம். நோயாளி அலைய வேண்டாமாம். ஒரே அறையில் உட்கார்ந்தால் போதும், நிபுணர்கள் ஒவ்வொருவராக வந்து போவார்கள். வேலையில் இருந்த காலத்தில்கூட இத்தனை பேர் என்னைத் தேடி வந்ததில்லை.

உணவு நிபுணரிடம், வேண்டுமென்றேதான் உடம்பைக் குறைத்தேன் என்றேன். பேச்சும் விழுங்கலும் பார்க்கிற பெண்ணிடம், புரையேறுவதே இல்லை என்றேன். மூச்சு டாக்டரிடம், படுத்தால் தூக்கம்தான் என்றேன். கூட வந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கப் போனார். ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. சொன்னால் சாப்பாடு ஊற்ற வயிற்றில் குழாய் வைத்துவிடுவார்கள். மூச்சு இன்னும் குறைந்தால் வைப்பது ஆபத்து, சீக்கிரம் முடிவெடுங்கள் என்று போன முறையே சொன்னார்கள். எடுத்துவிட்டேன். வேண்டாம்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரணை என் வேலை. ஊரார் பொய்யையெல்லாம் பிடித்தவள். எனக்குத் தெரியாத பொய்யா?

மார்ச் 19

ராத்திரிச் சாப்பாடு ஆறி, காய்ந்து, அப்புறம்தான் முடிந்தது. இவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பதாக நடித்தார். ஒரே பக்கம். மகா நடிகர்.

ஏப்ரல் 2

இருமல். புடவை நாசம்.

ஏப்ரல் 15

இன்று மானம் போன நாள்.

எடை பார்ப்பதற்கு முன் ஸ்வெட்டர் பைகளில் சாவிக்கொத்தையும் இரும்புப் பூட்டையும் போட்டுக்கொண்டேன். உணவு நிபுணர், "சூப்பர் மேடம்!" என்று கையே தட்டிவிட்டார். பாவம்.

உடற்பயிற்சி பார்க்கிற பிசியோ, நர்ஸ் என்று ஐந்து பேரும் மதியம் ஒரே மேஜையில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசுவார்கள் என்று யார் கண்டது? ‘குழு’ என்று போர்டில் இருந்ததை விளம்பரம் என்றல்லவா நினைத்தேன்!

சாப்பிட்டு முடித்து மொத்தப் பேரும் திரும்பி வந்தார்கள். எல்லோரையும் மேய்க்கிற நர்ஸ் — நாங்கள் வைத்த பேர் கலெக்டர் — ஆரம்பித்தார். "எடை கூடியிருக்கு. ஆனா தொடை இளைச்சிருக்குன்னு பிசியோ சொல்றார். ராத்திரி நல்லாத் தூங்குறேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க. பகல்லயும் தூங்கி விழுறேன்னு பிசியோகிட்ட சொல்லியிருக்கீங்க. எதும்மா நிஜம்?"

தனித்தனியாக விசாரித்து, பிறகு சேர்த்து வைத்துப் பார்ப்பது. என் வித்தை. என்னிடமே!

இவர் எழுந்து வந்து என் பையில் கைவிட்டுப் பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "காலையிலேர்ந்து இதைத் தேடிட்டிருக்கேன்."

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். நின்றால்தானே.

"குழாய்னா என்னம்மா பயம்?" என்றார் கலெக்டர்.

குழறிக் குழறிச் சொன்னேன். "குழாய் வச்சா இவர் என் முன்னாடி சாப்பிட மாட்டார். சமையலறையில நின்னுக்கிட்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்குவார். இவர் பேசுறதே சாப்பாட்டு மேஜையிலதான். அதுவும் போச்சுன்னா வீட்ல எனக்கு என்ன இருக்கு?"

மூச்சு டாக்டர் சொன்னார்: "மூச்சு எல்லையில நிக்குது. இந்த மாசம்னா செய்யலாம். அடுத்த மாசம் நானே வேண்டாம்பேன்."

இவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 16

சம்மதித்துவிட்டேன். சாக வேண்டுமென்று எனக்கொன்றும் வேண்டுதல் இல்லை.

மே 3

குழாயோடு வீட்டுக்கு வந்தாயிற்று. சொல்லிக்கொடுத்தபடியே இவர் திரவ உணவைச் சிந்தாமல் ஊற்றினார். குழாயை மூடினார். ஆளைக் காணோம். சமையலறையில் தட்டுச் சத்தம்.

மே 4

இன்றும் சமையலறை. சொன்னேனா இல்லையா? பாவி மனுஷன்.

மே 6

மேஜையைத் தட்டினேன். விடாமல் தட்டினேன். தட்டும் கையுமாக ஓடி வந்தார். குழறலும் புரியாமல் போய்விட்டதால் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: இங்கே உட்கார்ந்து சாப்பிடுங்க.

"உன்னை எதிர்ல வச்சுக்கிட்டு நான் எப்படிடி முழுங்குறது?"

கத்தினார். கல்யாணம் ஆனதிலிருந்து கத்தியே அறியாத மனுஷன்! கண்ணெல்லாம் தண்ணீர். ஆனாலும் எழுதினேன்: நீங்க வாயாலதான். குழாய் எனக்கு மட்டும்தான்.

முறைத்தார். உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். சிலேட்டை மறுபடி பார்த்தார். சிரிப்பு வெடித்து, புரையேறிவிட்டது — அவருக்கு. எட்டித் தலையில் தட்டினேன்.

அப்புறம் பக்கத்து வீட்டு நாய் தபால்காரரைத் துரத்திய கதை. ஏற்கெனவே கேட்டதுதான். முதலிலிருந்து சொன்னார். சாப்பிட்ட கை காய்கிற வரைக்கும் ஒரே ரம்பம்.