மூணா நாள் பாட்டு

பிப். 2, திங்கள்

காலையில் நல்ல பனி. மலையே தெரியவில்லை. ஸ்கூட்டியை உதைத்து உதைத்துக் கால் வலி.

ஆண்டு விழா வேலை ஆரம்பம். யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு, என் பொறுப்பு. இந்த வருஷம் இங்கிலீஷ் ரைம்ஸ் கிடையாதாம், "நம்ம மண்ணின் பாட்டு"தானாம். பிரின்சிபல் மேடத்துக்குத் திடீரென்று மண் மேல் பாசம். தமிழில் பேசினால் பெஞ்சு மேல் ஏற்றுகிற பள்ளிக்கூடம்.

வாங்க: மஞ்சள் ரிப்பன், சேஃப்டி பின், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், கொத்தமல்லி.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேராசிரியர் ஒருவர் புத்தகம் போட்டிருக்கிறார். ஊர் ஊராய்ப் போய்ச் சேகரித்த குழந்தைப் பாட்டுகள், எது எங்கே பிறந்தது என்கிற விளக்கத்தோடு. மேடம் ஒன்றை டிக் அடித்துக் கொடுத்தார். இடைவேளையில் பிரித்தேன்.

மஞ்சக் கயிறு மாத்துச் சீல
மாமியா வீட்டுக்குப் போனாளாம்
ஒரு நா சோறு ரெண்டு நா சோறு
மூணா நாளு மூட்டையக் கட்டு
ஒத்தச் செருப்பு டக்கு டக்கு
ஓடி வந்தா அம்மா வீட்டுக்கு
உள்ள வராத, வெளிய நில்லு!

வட்டமாய் நின்று, ஒவ்வொருத்தராய்த் தொட்டுக்கொண்டே பாட வேண்டும். கடைசிச் சொல் யார் மேல் விழுகிறதோ அவள் வட்டத்தை விட்டு வெளியே.

அந்த ஒத்தச் செருப்பு எங்க அக்காவுடையது. டீ ஆறிப்போனது. குடிக்கவில்லை.

பிப். 3, செவ்வாய்

தூக்கம் இல்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

அக்காவை வத்திராயிருப்பில் கொடுத்தார்கள். பட்டாளத்து மாப்பிள்ளை, லீவில் வந்து தாலி கட்டினான். மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றி அடித்தான். அவளுடைய செருப்பையே. அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு, மற்றதைப் போட்டபடி முதல் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் வந்துவிட்டாள். நான் அப்போது மதுரையில் டீச்சர் டிரெயினிங், ஹாஸ்டல். பொங்கல் லீவுக்கு வந்தபோது தெருவெல்லாம் இந்தப் பாட்டு. கட்டியது தெருப் பிள்ளைகள். அக்கா குழாயடிக்குப் போனால் பின்னாலேயே டக்கு டக்கு. அவள் ராஜபாளையம் பக்கமே இல்லாமல் ஸ்ரீவி.யில் வீடு பிடித்துப் போனது இதனால்தான்.

முப்பது வருஷம் கூட ஆகவில்லை. அதற்குள் மண்ணின் பாட்டு.

பிப். 5, வியாழன்

மத்தியானம் வெயில் சுள்ளென்று. பேராசிரியரைப் பள்ளிக்கூடத்துக்கே வரவழைத்துவிட்டார்கள். டீச்சர்களுக்கு ஒரு மணி நேர உரை. பஜ்ஜி, காபி.

இந்தப் பாட்டில் வரும் பெண் மழையாம். மூன்று நாள் பெய்துவிட்டு மலைக்கே திரும்பிப் போகிற மழை. "வெளிய நில்லு" என்பது மூதேவியை வாசலில் நிறுத்துகிற பழைய சடங்காம். வெள்ளைக்காரன் கதையில் ஒருத்தி அரண்மனைப் படியில் ஒத்தைச் செருப்பை விட்டுவிட்டு ஓடுவாளே, அந்தக் கதைக்கே வேர் இந்த மலையடிவாரத்தில்தான் இருக்க வேண்டுமாம். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சார், இது எவ்வளவு நாளைக்கு முந்தின பாட்டு?"

"இருநூறு, முந்நூறு வருஷம் இருக்கும் டீச்சர்."

"இல்ல சார். இது எனக்குத் தெரிஞ்ச ஒருத்தவங்களைப் பத்தினது."

சிரித்தார். நல்ல மனுஷன், கேலியாய்ச் சிரிக்கவில்லை. "எந்த ஊருக்குப் போனாலும் ஒருத்தர் இப்படி வந்து சொல்லுவாங்க டீச்சர். எங்க அத்தையப் பாடினது, எங்க சித்தியப் பாடினதுன்னு. பாட்டு முந்தி, அத்தை பிந்தி. ஆதாரம் ஏதும் இருக்கா?"

ஆதாரம். ஸ்ரீவி.யில் உயிரோடு இருக்கிறது, பேருந்து நிலையத்துக்குப் பின்னாலேயே. சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது? அக்கா என்று சொன்னால் அடுத்த இடைவேளைக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவிவிடும்.

அரண்மனைப் படியில் செருப்பை விட்டவளுக்குப் புருஷன் கிடைத்தான், அக்காவுக்குப் பாட்டு.

பிப். 8, ஞாயிறு

அக்காவைப் பார்க்கப் போனேன். கிருஷ்ணன்கோவிலில் பொம்பளைப் பிள்ளைகள் ஹாஸ்டலில் சமையல் பார்க்கிறாள், இன்றைக்கு லீவு. கத்தரிக்காய் புளிக்குழம்பு. கை மணம் அப்படியே.

விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை.

"ஏட்டி, அது தெருப் பிள்ளைக கட்டுனதுன்னா இம்புட்டு நாளும் நினைச்சிருக்க?"

"வேற யாரு?"

"முன்னால உள்ளதெல்லாம் அதுக கட்டுனது. கடைசி வரி அதுக கட்டல. காதுல விழுந்தத அப்படியே பாடுச்சுக."

"யாரு சொன்னா?"

"அம்மாதான்."

மறுவீட்டுக்கு அழைக்கவில்லை, மாப்பிள்ளையும் கூட வரவில்லை. அப்படித் தனியாய்த் திரும்பி வந்த பெண் படி ஏறினால் வீட்டுக்கு ஆகாது. மாமியார் வீட்டில் இருந்து யாராவது வந்து சமாதானம் பேசட்டும், பொறவு பார்க்கலாம். இதுதான் அம்மாவின் சட்டம். அப்பா மில்லில் இருந்து வருகிற வரைக்கும் அக்கா வாசலில். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையோடு சுற்றி நின்று வேடிக்கை. அவள் கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் அம்மா உள்ளே இருந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உள்ள வராத, வெளிய நில்லு."

"தண்ணி மட்டும் குடுத்தாவ. அதுவும் சன்னல் வழியா."

எனக்கு அம்மா இத்தனை வருஷமாய்ச் சொல்லி வந்தது வேறு. ஓடிப் போய்க் கட்டிப் பிடித்தேன், தூக்காத குறையாய் உள்ளே கொண்டு வந்தேன், சுடுசோறு போட்டேன் என்பாள். அந்தக் கதையை எத்தனை பேரிடம் நானே பெருமையாய்ச் சொல்லியிருக்கிறேன்.

"நாளைக்கே மேடத்துட்ட சொல்லி நிறுத்திருதேன்க்கா."

"நிறுத்தாத. பாடட்டும். அம்மாவக் கூட்டிட்டு வந்து முன்னால உக்கார வை. நானும் வாரேன்."

"எதுக்குக்கா?"

"ஒரு நா கூட எங்கிட்ட அதப் பத்தி வாயத் தொறக்கல அம்மா. அத அஞ்சு வயசுப் பிள்ளைக சொல்லும்போது அந்த மூஞ்சியப் பாக்கணும். அம்புட்டுதான்."

கீரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், அம்மாவுக்கு.

பிப். 13, வெள்ளி

ரிகர்சல். தொண்டை கட்டிப்போனது. மிளகுப் பால்.

ஒரு பிள்ளை வட்டத்தை விட்டு வெளியே போகவே மாட்டேன் என்று ஓவென்று அழுகை. "மிஸ், நான் உள்ளயே நிக்கேன் மிஸ்." தூக்கி வைத்துக்கொண்டேன். பக்கத்து வகுப்பு டீச்சர்: "இதுக்கெல்லாமா அழுவாக? விளையாட்டுத்தான கண்ணு."

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். ஒரு வாரமாய் அவளோடு சரியாய்ப் பேசவில்லை. சுகர் மாத்திரை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன்.

பிப். 14, சனி

விழா முடிந்தது. மைக் இரண்டு தடவை ஊமை.

அம்மா அரக்குப் பட்டு, முதல் வரிசை. அக்கா தாமதமாய் வந்து, பக்கவாட்டில் அம்மா முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். மேடையை அவள் பார்க்கவே இல்லை.

பிள்ளைகள் அருமையாய்ப் பாடினார்கள், அதுதான் கொடுமை. கடைசி வரியை மொத்தமாய்க் கத்தினார்கள், கையை நீட்டி. கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்துத் தாளம் போட்டாள். பேராசிரியருக்குப் பொன்னாடை.

திரும்பிப் பார்த்தேன், அக்கா நாற்காலி காலி. வாசலுக்கு ஓடினேன். ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

ஆட்டோ கிளம்பிவிட்டது.

பிப். 15, ஞாயிறு

மேகமூட்டம். துவைத்த துணி காயவில்லை.

அம்மாவுக்கு மறதி என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா கல்யாணத்தில் எவள் எந்தச் சேலையில் வந்தாள் என்று இன்றைக்கும் வரிசையாய்ச் சொல்வாள். காலையில் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டே பாட்டை முனகினாள். பொறுக்க முடியவில்லை.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"பழைய பாட்டுல்லா. எங்க காலத்துலயே உண்டு."

"அந்தப் பொண்ணு யாரும்மா?"

நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"யாரு கண்டா. பாவம், அடிபட்டு வந்த பிள்ளைய வாசல்ல நிறுத்தியிருக்கா பாரு. எந்த மகராசி பெத்தாளோ."

அடிபட்டு என்று பாட்டில் எங்கேயும் இல்லை.

மிக்ஸியைப் போட்டாள். அக்கா போனில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்பாள். எடுக்கவில்லை.