அம்மா வாங்கிய கொத்தனார் கூலி

ஜமுனாமரத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கல்பனாவுக்கு அப்பா தீர்த்தகிரி எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், சாமை அறுத்தாகிவிட்டது, புனேவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தச் சேதியைப் போனில் சொன்னால் உங்கம்மா வெட்கப்பட்டுப் போனைப் பிடுங்கிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

போளூரில் மாடிவீட்டு வேலைக்குப் போகிறோம் அல்லவா, இப்போது கொத்தனாருக்கு ஏக கிராக்கி. நம் பையன்கள் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்கள், வடக்கிலிருந்து வந்தவர்களில் ஊருக்குப் போன பாதிப் பேர் திரும்பவில்லை, கூலி ஆயிரத்து நூறு ஆகிவிட்டது. சித்தாள் பெண்களுக்கு மட்டும் அதே அறுநூறு. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் தோள்பட்டை போய் இரண்டு வருசம் ஆகிறது. அதிலிருந்து கரணை பிடித்துச் சுவர் எழுப்பியதெல்லாம் உங்கம்மாதான், மேஸ்திரி தலை தெரிந்தால் மட்டும் கரணை என் கைக்கு வந்துவிடும். ஜோடியாகப் போனால் இருவர் கூலியையும் ஆம்பளை கையில் கொடுப்பதுதானே வழக்கம், நானும் கூசாமல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

முந்தின வாரம் சக்கரவர்த்தி மேஸ்திரி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், சுவர் நூல் பிசகவில்லை. இன்னா தீர்த்தகிரி, வயசாக வயசாக உனுக்குக் கை படியுதே, மேல் மாடியும் உனுக்குத்தான் என்று எல்லார் எதிரிலும் சொன்னார். உங்கம்மா சும்மாட்டைப் பிரித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சொன்னால் என் வேலை போய்விடும் என்று தெரியும், ஆனாலும் பொறுக்கவில்லை, இது என் சம்சாரம் ராணியம்மாள் கட்டின சுவர் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை, என் எதிர்ல கட்டும்மா பாக்கலாம் என்றார். மளமளவென்று மூன்று வரி செங்கல் வைத்தாள் கண்ணு. ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, திங்கக்கிழமையிலிருந்து நீதான் கொத்தனாரு என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்றுக் கூலி கொடுக்கும்போது பழக்கத்தில் என்னிடம்தான் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், உங்கம்மா வாங்கினாள். கல் எடுத்துக் கொடுக்கிற எனக்குச் சித்தாள் கூலி. அதை வாங்கியபோதுதான் இருபது வருசமாக அவள் மண்ணும் கல்லும் சுமந்ததற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று உறைத்தது.

நீ இன்ஜினியர், உன் சைட்டில் ஜோடியாக வருகிறவர்களுக்குக் கூலியை அவரவர் கையில் கொடுக்கச் சொல். மறந்துவிடாதே. ஹெல்மெட் இல்லாமல் மேலே ஏறாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும் கண்ணு.

இப்படிக்கு,
ராணியம்மாள் கொத்தனாரின் சித்தாள்,
உன் அப்பா தீர்த்தகிரி