என் சீட்டையும் சேர்த்து விற்றவனுக்கு

மச்சான் நைனாவுக்கு,

அன்போடுதான் எழுதுகிறேன். அதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். "அண்ணே, அவரப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர். இருந்தால் எழுதலாம் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நீ நல்லவன்தான். ஷார்ஜா தொழில்பேட்டையில் என் ஒர்க் ஷாப்புக்கு எதிர்வரிசையில் முப்பது வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தாய். உன் கடை அட்டைப்பெட்டிகளில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். பிரேக் என்ற சொல்லை நான் முதலில் வாசித்தபோது, "வாத்தியாரே, வண்டி நின்னுருச்சு" என்று கடைக்குள்ளிருந்து கத்தினாய். கீழக்கரைக்காரன் வாய் அது. இதெல்லாம் மலரில் வரட்டும். ஆனால் அந்த இறுதி ஆட்டமும் வரவேண்டும்.

வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்படி முதலிலிருந்து சொல்கிறேன். குளிர்காலத்தில் இங்கே நடக்கும் கிரிக்கெட் லீகுக்கு நீயும் நானும் நாலு வருஷம் சீசன் டிக்கெட் எடுத்தோம். பதினான்காம் வரிசை. இருபத்தொன்று என்னுடையது, இருபத்திரண்டு உன்னுடையது. டிக்கெட் இரண்டும் உன் ஃபோனில், உன் பெயரில். என் டிக்கெட்டின் படத்தை சீசன் தொடக்கத்திலேயே எனக்கு அனுப்பிவிடுவாய். அதைக் காட்டி நான் நுழைவேன்.

யார் முதலில் வந்தாலும் மற்றவன் சீட்டில் துண்டு போட்டு வைப்பது வழக்கம். நம்பர் போட்ட சீட்டுக்குத் துண்டு எதற்கு என்று பின்வரிசை மலையாளி கேட்டார். "மச்சான் டவுன் பஸ்ல வளந்தவன், விட்டுருங்க" என்றாய். ஆனால் நீயும்தான் துண்டு கொண்டுவந்தாய்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அந்த ஆப் ஒரு கேள்வி கேட்கும். வரவில்லையா, உங்கள் இருக்கையை விற்றுவிடலாமே என்று. நம் வரிசையில் முக்கால்வாசிப் பேர் விற்றார்கள். முதல் வருஷம் பக்கத்தில் இருந்த கராச்சி டாக்ஸிக்காரரும் அந்த நர்ஸ் தம்பதியும் பிறகு கண்ணிலேயே படவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் புது முகம். வருவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், எந்த அணி பேட்டிங் என்று நம்மிடமே கேட்பார்கள். நாம் மட்டும் விற்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். உனக்குக் காய்ச்சல் வந்த அன்று உன் சீட்டில் டீ பிளாஸ்க் உட்கார்ந்திருந்தது. என் பேத்தி பிறந்து நான் ஊருக்குப் போனபோது என் சீட்டில் உன் துண்டு கிடந்த படத்தை அனுப்பினாய். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன சீசன் இறுதி ஆட்டத்தன்று ஒர்க் ஷாப்பைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்தேன். வாசலில் என் படத்தைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. இரண்டாவது தடவையும் சிவப்பு.

"சாச்சா, டிக்கெட் மாஃபி, இல்ல. இதை வித்துட்டாங்க" என்றார் காவலாளி, இந்தியில்.

"என் டிக்கெட்டை எவன் விற்பான்?"

"ஓரமா நில்லுங்க, சாச்சா. பின்னாடி ஆள் நிக்குது."

ஓரமாக நின்றேன். என் வயதில் ஒருவனை ஓரமாக நில் என்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். பச்சை விளக்கு. பதினான்காம் வரிசையா என்று கேட்டேன். "யெஸ் அங்கிள், டுவென்டி ஒன், டுவென்டி டூ" என்றான் ஒருவன், அவ்வளவு சந்தோஷமாக.

அங்கிருந்தே உனக்கு ஃபோன் போட்டேன்.

"ஆமா மச்சான். வித்துட்டேன். ரெண்டையும்."

"யாரக் கேட்டு வித்த?"

"என் ஃபோன்ல இருந்துச்சு, வித்தேன். கலாஸ், முடிஞ்சுபோச்சு. விடு."

காரணம் கேட்டேன். கட் பண்ணிவிட்டாய். உள்ளே ஜனம் கத்தியது. விக்கெட்டா சிக்ஸரா என்றுகூடத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

அதன் பிறகு பத்து மாதம் உன்னோடு பேசவில்லை. பெருநாளுக்கு நீ அனுப்பிய பிரியாணிச் சட்டியை மூடி திறக்காமல் திருப்பி அனுப்பினேன். உன் கடையைத் தாண்டி ஷார்ஜாவின் அந்தக் கோடிக்குப் போய் பேரிங் வாங்கினேன். நீ கல்லாவிலிருந்து பார்ப்பாய் என்று தெரிந்தேதான் நடந்தேன். அதற்கு இப்போதும் நான் வருந்தவில்லை. நீ எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். எதிர்வரிசைதானே, மச்சான்? எத்தனை எட்டு?

பிறகு ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே விழுந்தாய் என்றார்கள். உன்னை அடக்குமுன் நடந்த ஜனாஸா தொழுகையில் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன்.

போன வாரம் உன் மகள் ஒர்க் ஷாப்புக்கு வந்தாள். கையில் உன் ஃபோன்.

"முத்து மாமா, வாப்பா ஆப்ல ரினியூவல் கேக்குது. ரெண்டு சீட். ஃப்ரைடே லாஸ்ட் டே. விட்றவா?"

"உங்க வாப்பாவுக்கு விக்கத்தான் தெரியும். விடு."

அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பிடிவாதம் உன்னுடையது. "மாமா, உங்களுக்குத் தெரியாதா? ஃபைனலுக்கு முந்தின வாரம் டாக்டர் வாப்பாவ ஸ்டெப்ஸ் ஏறவே கூடாதுன்னுட்டார். ஹார்ட். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ப்ராமிஸ் வாங்கிட்டாங்க."

"சரி, அவன் சீட்ட விக்கட்டும். என் சீட்ட ஏன் வித்தான்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "உம்மாவும் அதத்தான் கேட்டாங்க. 'நான் போகலன்னா மச்சான் பக்கத்துல எவனோ உக்காருவான். இவனும் அவன்கூடப் பேசிச் சிரிப்பான். எனக்குப் பொறுக்காது. அவனும் போக வேணாம்'னு வாப்பா சொன்னாங்க."

இதைக் கேட்டு என் மனசு இளகிவிடும் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. எவனோடு நான் பேசிச் சிரித்தேன்? நாலு வருஷத்தில் அந்தப் பக்கத்து சீட்காரன் பெயராவது கேட்டிருப்பேனா? படி ஏற முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கீழ்வரிசைக்கு மாற்றிக் கேட்டிருப்பேன். ஸ்டேடியத்துக்காரன் தரமாட்டேன் என்றால் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்த்திருப்போம், அதிலும் நான் துண்டு போட்டிருப்பேன். முப்பது வருஷம் பார்த்தும் என்னை இவ்வளவுதான் அளந்து வைத்திருந்தாயா? சொல்லாமல் விற்றாய். நானும் கேட்காமல் விலகினேன். உன் கணக்கில் ஒரு வீம்பு, என் கணக்கில் ஒரு வீம்பு. பத்து மாதம் அதில் போய்விட்டது. அதை எந்த ஆப்பில் போய்த் திரும்ப வாங்குவது?

நேற்று வெள்ளிக்கிழமை. இரண்டு சீட்டையும் ரினியூ பண்ணிவிட்டேன். இந்தத் தடவை என் ஃபோனில், என் பெயரில். உன் மகளைத் தொடவிடவில்லை, நானே எழுத்துக் கூட்டிப் படித்து அழுத்தினேன். சோபாவில் பார்க்க நீ இல்லையே. பதினான்காம் வரிசைக்கு முப்பத்தெட்டுப் படி. என் முட்டியும் பழையபடி இல்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் உனக்குச் சொன்னதையே எனக்கும் சொல்வார்.

முதல் ஆட்டத்துக்கான கேள்வி இப்போதே வந்துவிட்டது. இருபத்திரண்டாம் இருக்கையை விற்க விருப்பமா என்கிறது. இல்லை என்று அழுத்தினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் இல்லை என்பேன். என்னால் ஏற முடியாமல் போகிற அன்றும், இரண்டு சீட்டும் காலியாகக் கிடக்குமே தவிர, எவனுக்கும் போகாது. உன் சீட்டில் துண்டு போடுவேன். யாராவது கேட்டால் ஆள் வருது என்பேன்.

ஆனால் உன்னோடு பேசமாட்டேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், பேசமாட்டேன். நீயாக முதலில் பேசு.

இப்படிக்கு,
உன்னோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லாத
உன் மச்சான்,
முத்துராமு