தேவதாசன் கேட்ட ஜெபம்

12 ஜூலை 1958, சனிக்கிழமை. தென்காசி.

இன்று சாயங்காலம் தேவதாசன் வீட்டுக்கு வந்தான். அடுத்த வாரம் அவனுக்குக் குருப்பட்டம். நாங்கள் இருவரும் ஒன்றாக உபதேசியார் வேலையில் சேர்ந்தவர்கள். இப்போது அவன் சபைக் குருவாக, ஐயராகப் போகிறான். நான் உபதேசியாராகவே இருக்கிறேன். செய்தி கேட்டதிலிருந்து அவன் கண்ணில் படாமல் இருந்தேன். குற்றாலத்தில் சீசன் கூட்டம், அங்கே ஊழியம் இருக்கிறது என்று சாக்குச் சொன்னேன்.

சாரலில் நனைந்து வந்தவனுக்கு என் மனைவி எஸ்தர் துண்டும் காப்பியும் கொடுத்தாள். அவன் காப்பியைத் தொடவில்லை.

"ஏலே, எனக்குப் பயமா இருக்கு. நீ எனக்காக ஜெபம் பண்ணணும்."

"ஐயராகப் போறவனுக்கு உபதேசியார் ஜெபிக்கணுமாக்கும்?" என்றேன். என் குரலில் இருந்த கசப்பு எனக்கே கேட்டது.

"உனக்கு வருத்தம் இருக்கும்னு தெரியும்லே. அந்த வருத்தத்தோடயே ஜெபி" என்று முழங்காலில் நின்றான்.

அவன் தலையில் கை வைத்தேன். வழக்கமான வார்த்தை ஒன்றும் வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, இவனுக்குக் கொடுத்தது எனக்கும் வேணும்னு மனசு அடிச்சுக்கிடுது. அதை எடுத்துப்போடும். இவனைத் தாங்கும்" என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன்.

பொறாமை முழுக்கப் போய்விட்டதா, தெரியவில்லை. நாளை குத்துக்கல்வலசையில் எனக்கு ஆராதனை. கண் தெரியாத ஞானம்மாள் எனக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருப்பாள். இத்தனை நாளாக அந்தச் சின்னச் சபைக்குப் போவது இளப்பமாகத் தெரிந்தது. இன்று, விடிந்ததும் போக வேண்டும் என்றிருக்கிறது.

பிரசங்கத்துக்கு இன்னும் ஒரு வரிகூட யோசிக்கவில்லை. கண் சொக்குகிறது.