அழுகல் பொறுக்கிய கை

மச்சான்,

நீ போய்ச் சேர்ந்த பிறகு முதல் தடவையாகக் கேலரியில் கண்காட்சி மாறியிருக்கிறது. சுவரில் புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. உன் நினைப்புதான்.

என் மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நம் ஊர் வில்பட்டியிலிருந்து இருவரும் பஸ் ஏறிப் போனோமே. தரையில் மலைப்பூண்டைக் குவித்து வைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவனுக்கும் புரிகிற கலை என்று எனக்கு ஒரே நிம்மதி. ஆனால் குவியலில் பாதி அழுகல். பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா விவசாயி கை? நீ அடுத்த அறையில் வாய் பிளந்து நின்ற நேரத்தில், நான் குந்தவைத்து அழுகலைத் தனியே பொறுக்கி, நல்லதைக் காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டும் போட்டுவிட்டேன்.

மகள் வந்து பார்த்ததும் முகம் வெளுத்தது. "அழுகணும்னுதான் வச்சதே. ஆர்ட்டிஸ்டும் மேனேஜரும் இப்ப வந்துருவாக. என் வேலை போச்சு. யாரு செஞ்சது?"

பெரிய வீரன் நான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். என்னைத் தன் அப்பா என்று காலையில்தான் மேனேஜரிடம் காட்டியிருந்தாள். சத்தம் கேட்டு வந்த நீ என் நகத்து அழுக்கைப் பார்த்தாய்.

"நாந்தான் தாயி. கெட்டுக் கெடக்குதேன்னு எடுத்துப் போட்டேன்."

ஆர்ட்டிஸ்டும் மேனேஜரும் உள்ளே வந்ததும் குரலை மாற்றினாய். "சும்மா பாக்க வந்தவன்ங்க. இந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாது."

அவள் வேலை தப்பியது. உன்னை இனி உள்ளே விடக்கூடாது என்றார் மேனேஜர்.

அப்புறம் கண்காட்சி மாறும்போதெல்லாம் நீ கேட்டுக்கு வெளியே நின்றாய். நான் உள்ளே போய் வந்து சொல்வேன்.

"துணி தொங்குது மச்சான்."

"என்ன கலரு? ஆடுதா? ஏலே, கண்ணை வீட்ல வச்சிட்டா வந்த? திரும்பப் போய்ப் பாரு."

போய்ப் பார்ப்பேன். பூண்டைப் பொறுக்கியது நான்தான் என்று மட்டும் உள்ளே யாரிடமும் சொன்னதில்லை.

இன்று மகள் பக்கத்தில் நின்று சிரித்தாள். "மாமா இருந்தா இதையும் சரி பண்ணிருப்பாக."

"அது நான் தாயி," என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப எதுக்குப்பா அவுகள அத்தனை தடவை வெளிய நிக்க வச்சீங்க?"

அவள் நகர்ந்து போய்விட்டாள். நான் அறையை இரண்டாவது முறை சுற்றினேன்.

இந்தத் தடவை கண்ணாடி, மச்சான். பச்சைக் கலர். ஆடவில்லை. கிட்டே போனால் நம் முகம் தெரியுமாம். நான் போகவில்லை.